கம்பளி மூட்டையிலிருந்து அரியணைப் படி வரை: டி லா போல் குடும்பம்

கேள்வி இதுதான்: "மத்திய கால இங்கிலாந்தில் பிரபு என்றால் பிறப்பால் மட்டுமே என்று படித்திருக்கிறேன். ஆனால் ஒரு வியாபாரி குடும்பம் டியூக் பட்டம் வரை போனதாகவும் சொல்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் அந்தக் குடும்பம் ஏன் பிறகு காணாமல் போனது?"

உண்மைதான். குடும்பத்தின் பெயர் டி லா போல். வடகிழக்கு இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரில் கம்பளி வாங்கி விற்றவர்கள். 1330களில் ஊர் மேயர், 1385இல் ஏர்ல் (உயர்ந்த பிரபுப் பட்டம்), 1448இல் டியூக் (அதற்கும் மேலே, பிரபுப் பட்டங்களில் உச்சம்), 1484இல் அரியணைக்கு அடுத்து நிற்கும் வாரிசு. 1539இல் அந்த வீட்டின் கடைசி ஆண் லண்டன் கோபுரச் சிறையில் செத்துப்போனார். மொத்தம் இருநூறு ஆண்டுக் கதை. (எட்டாம் ஹென்றி காலத்து கார்டினல் ரெஜினால்ட் போல் வேறு குடும்பம். பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

ஏன் அழிந்தார்கள் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் "வியாபாரி ரத்தம், பழைய பிரபுக்கள் சகிக்கவில்லை" என்பது. அந்த ஏச்சு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது கைக்கு அகப்பட்ட கல் மட்டும்தான் என்பது என் கருத்து. பழைய பிரபுக் குடும்பங்களுக்கு நாட்டின் ஏதோ ஒரு மூலையில் தலைமுறை தலைமுறையாக நிலமும் ஆளும் இருந்தன. அரசர் முகம் சுளித்தால் ஊருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். டி லா போல்களுக்கு அரசர்தான் ஊர். அந்தக் காலத்தில் அரசர் தவறு செய்தார் என்று நேரடியாகச் சொல்லவும் முடியாது. "அரசர் நல்லவர், பக்கத்தில் இருப்பவன்தான் கெடுக்கிறான்" என்றுதான் சொல்ல முடியும். பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் இந்த வீட்டுக்காரராகவே இருந்தார்.

சரி, முதலிலிருந்து வருவோம்.

ரிச்சர்ட், வில்லியம் என்று இரண்டு சகோதரர்கள். அவர்களுடைய முன்னோர் யார் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பிரபுக்கள் உலகத்தில் அதுவே ஒரு குறை. ஹல் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த ஊர். வில்லியம் 1332இல் அதன் முதல் மேயர் ஆனார். அன்றைய இங்கிலாந்தின் பெரிய ஏற்றுமதிச் சரக்கு கம்பளிதான். ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களின் தறி ஓட வேண்டுமென்றால் இங்கிலாந்து ஆட்டு ரோமம் போக வேண்டும். ஏற்றுமதி ஆகும் ஒவ்வொரு மூட்டைக்கும் அரசருக்குச் சுங்கம். ஆகவே கம்பளியைக் கையில் வைத்திருப்பவர் அரசரின் கஜானாவிலும் பாதி கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாம் எட்வர்ட் பிரான்ஸோடு போர் தொடங்கியபோது ஐரோப்பாவில் கூட்டாளிகளை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. பணம் இல்லை. 1337இல் ஒரு திட்டம் போட்டார்கள். லண்டன் வணிகர் ரெஜினால்ட் காண்டூயிட்டும் வில்லியம் டி லா போலும் முன்னால் நின்றார்கள். வணிகர் கூட்டம் ஒன்று நாடு முழுவதும் 30,000 மூட்டைக் கம்பளியைக் கடனுக்கு வாங்கும். வேறு யாரும் ஏற்றுமதி செய்யக் கூடாது. தட்டுப்பாட்டில் விலை ஏறும். அரசருக்கு 2 லட்சம் பவுண்டு கடனும் லாபத்தில் பங்கும் கிடைக்கும். காகிதத்தில் அழகான திட்டம். முதல் தவணையாகச் சுமார் 10,000 மூட்டை ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. அரசரின் தூதர்களுக்குப் பொறுமை இல்லை. விற்று முடிவதற்குள் பெரிய தொகையைக் கேட்டார்கள். வணிகர்கள் கையை விரிக்க, 1338 தொடக்கத்தில் மொத்தக் கம்பளியையும் தூதர்களே எடுத்துக்கொண்டு கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சின்ன வியாபாரிகளுக்கு அந்தப் பத்திரம் வெறும் தாள். கிடைத்த விலைக்கு விற்றார்கள். அரசரிடம் செல்வாக்கு உள்ள பெரிய புள்ளிகள் அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சுங்கத்தில் கழித்துக்கொண்டார்கள். இந்த வித்தையில் வில்லியம் யாருக்கும் சளைத்தவர் இல்லை. அவரைத் தேசபக்த வங்கியாளர் என்று புகழ்ந்து எழுதியதைப் படித்திருக்கிறேன். புத்திசாலி என்பதில் சந்தேகமில்லை. நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1338 நடுவிலிருந்து 1339 அக்டோபருக்குள் அவர் அரசருக்குத் திரட்டிக் கொடுத்த தொகை ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். அரசரின் சாதாரண ஆண்டு வருமானத்தைவிட அது மிக அதிகம். இத்தாலியின் பார்டி, பெருஸ்ஸி வங்கிக் குடும்பங்களே எட்வர்டுக்குக் கொடுத்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. கைம்மாறாக வில்லியமுக்கு உயர்ந்த வீரப் பட்டமும், யார்க்ஷயரில் பர்ஸ்ட்விக் என்ற பெரிய எஸ்டேட்டும், நிதித்துறை நீதிபதிப் பதவியும் கிடைத்தன. அடுத்த ஆண்டே கைது! 1340 நவம்பர் 30 இரவு எட்வர்ட் யாருக்கும் சொல்லாமல் கடல் கடந்து வந்து லண்டன் கோபுரத்தில் இறங்கினார். போருக்குப் பணம் வரவில்லை என்ற ஆத்திரத்தில் அதிகாரிகளை வரிசையாகப் பிடித்து அடைத்தார். அதில் வில்லியமும் ஒருவர். 1342 வரை சிறை. வெளியே வந்ததும் மறுபடி அரசருக்கே கடன் ஏற்பாடு செய்தார். பதினாறு ஆண்டு பழைய டோர்ட்ரெக்ட் விவகாரத்தைத் தோண்டியெடுத்து 1353இல் மறுபடி வழக்கு. கடைசியில் 1354இல் ஒரு சமரசம்: பர்ஸ்ட்விக்கையும், அரசர் தர வேண்டிய அத்தனை பாக்கியையும் விட்டுக்கொடுத்துவிட்டு மன்னிப்பு வாங்கிக்கொண்டார். அரசருக்குக் கடன் கொடுத்தவர் அரசரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. 1366இல் இறந்தார்.

மகன் மைக்கேல் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வாளை எடுத்தவர். மூன்றாம் எட்வர்டின் மகன்களான கருப்பு இளவரசரோடும் ஜான் ஆஃப் கான்ட்டோடும் பிரான்ஸில் சண்டை போட்டார். சஃபோக் பகுதியில் விங்ஃபீல்ட் குடும்பத்து வாரிசான கேத்தரினைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்படித்தான் வடக்கத்திய குடும்பம் கிழக்கு இங்கிலாந்துக்கு இடம் மாறியது. விங்ஃபீல்டில் அவர் கட்டிய கோட்டையின் வாயில் முகப்பு இன்றும் அகழித் தண்ணீருக்கு மேலே நிற்கிறது.

சிறுவனாக அரியணை ஏறிய இரண்டாம் ரிச்சர்டுக்கு வழிகாட்ட 1381இல் நியமிக்கப்பட்டவர்களில் மைக்கேலும் ஒருவர். 1383இல் சான்சலர் (அரசரின் தலைமை அமைச்சர்), 1385இல் சஃபோக் ஏர்ல். அடுத்த ஆண்டே நிலைமை புரண்டது. 1386 இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஸ்லூயிஸ் துறைமுகத்தில் மாபெரும் கப்பல் படை திரட்டி நின்றார்கள். லண்டன் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மைக்கேல் நாடாளுமன்றத்தில் எழுந்து பெரிய வரி ஒன்றைக் கேட்டார். உறுப்பினர்கள் வரிக்குப் பதில் சான்சலரின் தலையைக் கேட்டார்கள். "நீங்கள் சொல்கிறீர்கள் என்பதற்காக என் சமையலறை எடுபிடியைக்கூட நீக்க மாட்டேன்" என்ற பொருளில் ரிச்சர்ட் பதில் அனுப்பியதாக அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பத்தொன்பது வயது இளைஞர், அப்படித்தான் பேசுவார். அவருடைய கொள்ளுத் தாத்தா இரண்டாம் எட்வர்டுக்கு என்ன நடந்தது என்பதை அவருடைய சித்தப்பா ஒருவர் நயமாக நினைவூட்டியதும் வழிக்கு வந்தார். மைக்கேலைப் பதவியிலிருந்து இறக்கி, நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டி விசாரித்தார்கள்.

குற்றச்சாட்டுகளைப் படித்தால் அரசாங்கத்தின் மொத்தத் தோல்வியும் ஒருவர் தலையில் ஏற்றப்பட்டிருப்பது தெரியும். அரசர் நிலத்தைக் குறைந்த மதிப்பில் வாங்கினார், வரிப் பணம் சொன்ன காரியத்துக்குப் போகவில்லை, ஃபிளாண்டர்ஸின் கெண்ட் (Ghent) நகரம் கைவிட்டுப் போனது என்று நீளும். வியாபாரிப் பேச்சும் வந்தது. போர்வீரர் வாழ்க்கையைவிட வாணிபத்துக்குப் பொருத்தமானவர் என்ற பொருளில் ஒரு துறவி எழுதி வைத்திருக்கிறார். ஆயுள் முழுக்கப் பிரான்ஸில் வாள் பிடித்த ஒருவரைப் பற்றி, மடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு!

காவலில் வைக்கச் சொன்னார்கள். ரிச்சர்ட் அவரை வின்ட்சரில் தன்னோடு வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடினார். இது மைக்கேலுக்குச் செய்த உபகாரம் இல்லை, அபகாரம். எதிரிகளின் கோபம் இரட்டிப்பானது. 1387 கடைசியில் ஐந்து பெரும் பிரபுக்கள் படையோடு வந்து அரசரின் நண்பர்கள் மீது துரோகக் குற்றம் சாட்டினார்கள். மைக்கேல் மாறுவேடத்தில், பிரான்ஸ் கரையில் ஆங்கிலேயர் வசமிருந்த கலே நகருக்குத் தப்பினார். அங்கே கோட்டைத் தலைவர் யார் தெரியுமா? அவருடைய சொந்தத் தம்பி எட்மண்ட். தம்பி அண்ணனுக்கு அடைக்கலம் தரவில்லை, பிடித்துக் கொடுத்துவிட்டார். மறுபடி தப்பிக் கடைசியில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். 1388இல் கூடிய நாடாளுமன்றம் — இரக்கமற்ற நாடாளுமன்றம் என்றே அதற்குப் பெயர் — அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்துப் பட்டத்தையும் பறித்தது. 1389இல் பாரிஸில் காலமானார்.

அடுத்த இரண்டு பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மகன், அவர் பெயரும் மைக்கேல், 1398இல் பட்டத்தைத் திரும்பப் பெற்றார். அடுத்த ஆண்டே ரிச்சர்ட் வீழ்ந்ததால் மறுபடி பறிபோனது. புதிய அரசர் நான்காம் ஹென்றியிடம் போய் மறுபடி வாங்கினார். 1415 செப்டம்பரில் ஹார்ஃப்லர் முற்றுகையில் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். பட்டத்துக்கு வந்த அவர் மகன், மூன்றாவது மைக்கேல், ஐந்தே வாரத்தில் அஜின்கோர்ட் போரில் இறந்தார். ஆங்கிலேயர் பக்கம் மிகச் சில பெரிய மனிதர்களே செத்த போர் அது. அதிலும் இந்த வீட்டுக்கு ஒரு சாவு. அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. பட்டம் 19 வயதுத் தம்பி வில்லியமுக்கு வந்தது.

இந்த வில்லியம்தான் கதையின் நடுத்தூண். (ஹல் வில்லியமின் கொள்ளுப்பேரன்.) இளமை முழுக்கப் பிரான்ஸில் போர். 1428இல் ஆர்லியன்ஸ் முற்றுகையில் தளபதி சால்ஸ்பரி இறந்ததும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அந்த முற்றுகையைத்தான் ஜோன் ஆஃப் ஆர்க் வந்து உடைத்தார். அடுத்த மாதம், 1429 ஜூனில், ஜார்ஜோ என்ற ஊரில் வில்லியம் பிடிபட்டார். அங்கேயே ஒரு தம்பி செத்தார். விடுதலைக்கு 20,000 பவுண்டு கொடுத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். இங்கிலாந்து திரும்பியதும் இறந்துபோன சால்ஸ்பரியின் மனைவி ஆலிஸை மணந்தார். ஆலிஸ், கவிஞர் ஜெஃப்ரி சாஸரின் பேத்தி. அவர்களும் லண்டனில் திராட்சை மது விற்ற பரம்பரைதான். இந்தப் பெண்மணியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அப்போதைய அரசர் ஆறாம் ஹென்றி ஒன்பது மாதக் குழந்தையாக அரியணைக்கு வந்தவர். வளர்ந்த பிறகும் ஆளத் தெரியவில்லை. பக்தி உண்டு, இரக்கம் உண்டு, கேட்டவருக்கெல்லாம் நிலத்தைத் தூக்கிக் கொடுக்கும் கை உண்டு. முடிவெடுக்கும் திராணி மட்டும் இல்லை. 1433இல் அரண்மனை மேலாளரான வில்லியம் கொஞ்சம் கொஞ்சமாக அரசர் செய்ய வேண்டிய வேலையைச் செய்பவரானார். இவரை அதிகார வெறியர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அரசர் ஆளவில்லையென்றால் யாராவது ஒருவர் அரசர் பெயரால் ஆளத்தான் வேண்டும். அதற்கு முறையான பதவி கிடையாது, சட்டப் பாதுகாப்பும் கிடையாது.

அது அவருக்கே தெரிந்திருந்தது. 1444இல் பிரான்ஸோடு சமாதானம் பேசப் போகச் சொன்னபோது, அங்கே தனக்குப் பழக்கமானவர்கள் அதிகம், பின்னால் பழி வரும், என்னை அனுப்பாதீர்கள் என்று ஆலோசனைச் சபையில் மறுத்தார். பழி வராது என்று அரசரிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். தூர்ஸ் நகரில் தற்காலிகப் போர் நிறுத்தம் ஏற்பட்டது. பிரான்ஸின் ஆன்ஜூ பிரதேச இளவரசி மார்கரெட்டுக்கும் ஹென்றிக்கும் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பதிலாள் வில்லியம்தான். (ராணிக்கும் இவருக்கும் காதல் என்பது பிற்கால நாடகக்காரர் கைவண்ணம். ராணிக்கு அப்போது 14 வயது, இவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது.) முதலில் ஊரே கொண்டாடியது. பிறகு விலை தெரியவந்தது: 1445 டிசம்பரில் ஹென்றி தன் பெயரில் எழுதிய கடிதத்தில் மெய்ன் மாநிலத்தைப் பிரெஞ்சுக்காரருக்கு விட்டுக்கொடுப்பதாக வாக்களித்திருந்தார். எழுதியது அரசர், ஏச்சு வாங்கியது வில்லியம்.

1447இல் இன்னொரு கறை. அரசரின் சித்தப்பா, சமாதானத்தை எதிர்த்த குளோஸ்டர் டியூக், பரி செயின்ட் எட்மண்ட்ஸில் நாடாளுமன்றத்துக்கு வந்த இடத்தில் கைதாகி ஐந்து நாளில் இறந்தார். இயற்கையான சாவாகவே இருக்கலாம். ஆனால் கூட்டம் நடந்தது வில்லியமின் சொந்தச் சீமையில். ஜனங்கள் வேறு மாதிரிதான் பேசுவார்கள். அங்கே அவருடைய ஆட்கள் டட்டன்ஹாம், ஹெய்டன் போன்றோர் நிலத்தைப் பிடுங்குவதும், வழக்கைத் திருப்புவதுமாக ஆடிய ஆட்டம் இன்னொரு பக்கம். அதற்கு அவரையும் பொறுப்பாக்கத்தான் வேண்டும். இந்த விஷயத்தில் அவருக்காக வாதாட நான் தயாரில்லை.

1448இல் டியூக் ஆனார். 1449 மார்ச்சில் ஆங்கிலேயத் தரப்பு பிரிட்டனி எல்லையில் ஃபூழேர் நகரைத் தாக்கிப் போர் நிறுத்தத்தைக் குலைத்தது. பிரெஞ்சு அரசர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். அக்டோபரில் ரூவான் விழுந்தது, நார்மண்டி மணல் வீடாகச் சரிந்தது. கஜானாக் கடன் 3,72,000 பவுண்டு என்று நாடாளுமன்றத்தில் கணக்கு வாசிக்கப்பட்டது. 1450 ஜனவரியில் போர்ட்ஸ்மவுத்தில் சம்பளம் கிடைக்காத படையாட்கள் அரசவை பிஷப் மோலைன்ஸை அடித்துக் கொன்றார்கள். சாகும்போது அவர் வில்லியம் மீது ஏதோ சொன்னார் என்று வதந்தி கிளம்பியது.

வில்லியம் தானே முந்திக்கொண்டு எழுந்தார். என் தகப்பனார் ஹார்ஃப்லரில் செத்தார், அண்ணன் அஜின்கோர்ட்டில் செத்தார், மற்ற சகோதரர்களும் பிரான்ஸில் மாண்டார்கள், இத்தனைக்குப் பிறகு பிரெஞ்சுக்காரருக்கு நாட்டை விற்பேனா என்ற பொருளில் பேசினார். எடுபடவில்லை. குற்றப் பட்டியலில் மிக விசித்திரமான ஒன்று உண்டு. தன் ஏழு வயது மகன் ஜானுக்குச் சிறுமி மார்கரெட் போஃபர்ட்டை மணமுடித்து, அவள் ரத்தத்தில் உள்ள அரச உரிமையால் மகனை அரசராக்கப் பார்த்தார் என்பது. அப்படி எண்ணினாரோ இல்லையோ, கல்யாணம் நடந்தது. மூன்று ஆண்டில் ரத்தும் ஆனது. அந்தச் சிறுமிக்குப் பின்னால் எட்மண்ட் டியூடர் கணவரானார். அவர்களுக்குப் பிறந்தவர்தான் ஏழாம் ஹென்றி, இந்தக் குடும்பத்தை வேரோடு பிடுங்கியவர்.

மார்ச் 17 அன்று ஹென்றி ஒரு பாதி முடிவு எடுத்தார். துரோகக் குற்றத்தை விசாரிக்க விடவில்லை. ஐந்து ஆண்டு நாடுகடத்தல் என்றார். லண்டனை விட்டு வெளியேறும்போதே கும்பல் துரத்தியது. ஏப்ரல் 28 அன்று மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடவுளுக்குப் பயப்படு, அரசருக்கு விசுவாசமாக இரு, அம்மா சொல் கேள், முகஸ்துதிக்காரரை அண்டவிடாதே என்று போகிறது அது. அவரை வெறுத்தவர்களையும் கொஞ்சம் இளக்கக்கூடிய கடிதம். இப்ஸ்விச்சிலிருந்து கப்பல் ஏறினார். டோவருக்கு அருகே 'நிக்கோலஸ் ஆஃப் தி டவர்' என்ற கப்பல் மறித்தது. மேலே ஏறியதும் அதன் தலைவர் "வா, துரோகியே" என்று வரவேற்றதாக, நான்கு நாளுக்குள் லண்டனில் எழுதப்பட்ட ஒரு கடிதம் சொல்கிறது. மே 2 அன்று அவரை ஒரு சின்னப் படகில் இறக்கி, கட்டையில் தலையை வைக்கச் சொல்லி, துருப்பிடித்த வாளால் ஐந்தாறு வெட்டு வெட்டினார் ஒரு மாலுமி. உடலை டோவர் மணலில் போட்டுவிட்டுப் போனார்கள். அரசரின் பாதுகாப்புச் சீட்டு அவர் கையில் இருந்தது. அதற்கு அந்த மாலுமிகள் கொடுத்த மரியாதையைப் பார்த்தால், அடுத்த மாதம் கென்ட் மக்கள் ஜாக் கேட் தலைமையில் லண்டன் மீது படையெடுத்தது ஆச்சரியமாக இருக்காது.

இங்கே ஆலிஸ் வருகிறார். கையில் ஏழு வயதுப் பையன், மேலே துரோகக் குற்றச்சாட்டு. பிரபுக்கள் முன் விசாரணையில் விடுதலையானார். சொத்தைக் கட்டிக் காத்தார். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்றைச் செய்தார். கணவரின் வீழ்ச்சியில் மிகுந்த லாபம் அடைந்தவர் யார்க் டியூக். அவருடைய மகள் எலிசபெத்தையே 1458க்குள் தன் மகனுக்குக் கட்டிவைத்தார். 1461இல் அந்தப் பெண்ணின் அண்ணன் நான்காம் எட்வர்ட், ஆறாம் ஹென்றியை வீழ்த்திவிட்டு அரசரானார். பகையாளி வீட்டில் பெண் எடுத்த இந்தக் கணக்கில் இருந்த துணிச்சல், இந்தக் குடும்பத்து ஆண்கள் யாரிடமும் இல்லை என்றே சொல்வேன்.

மகன் ஜானோ அரசரின் மைத்துனர் என்ற பெயரோடு நின்றுவிட்டார். டியூக்குகளில் வருமானம் குறைந்தவர். பெரிய பதவி எதுவும் வரவில்லை. உள்ளூரில் மட்டும் கை நீண்டது: 1465இல் அவருடைய ஆட்கள் நார்ஃபோக் நிலக்கிழாரான பாஸ்டன் குடும்பத்தின் ஹெல்ஸ்டன் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, பக்கத்து மாதா கோயிலையும் சூறையாடினார்கள். நான்கு ஆண்டு கழித்து அந்த வழியாக வந்த அரசரிடம் இடிபாட்டைக் காட்டி முறையிட்டபோது, இது தானாகவேகூட விழுந்திருக்கலாமே என்றாராம் எட்வர்ட். தங்கை புருஷன் அல்லவா!

யார் ஜெயித்தாலும் அந்தப் பக்கம் போய் நிற்பது ஜானின் வழக்கம். அதனாலேயே படுக்கையில் இறந்தார், 1492 வாக்கில். அந்தச் சாமர்த்தியம் பிள்ளைகளுக்கு வரவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், அவர்களுக்கு அந்த வசதி இல்லை. தாய் வழியில் அரச ரத்தம் ஓடியது. இதுவரை அரசரின் கெட்ட ஆலோசகர் என்று அடி வாங்கிய குடும்பம், இனி அரசருக்குப் போட்டியாளர் என்று அடி வாங்கப் போகிறது.

மூத்த மகன் ஜான், லிங்கன் ஏர்ல். தாய்மாமனும் அப்போதைய அரசருமான மூன்றாம் ரிச்சர்டின் ஒரே மகன் 1484இல் இறந்ததும், வடக்குச் சபையின் தலைமை இவருக்கு வந்தது. வாரிசு என்று முறையாக அறிவிக்கவில்லை. ஆனால் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். 1485 ஆகஸ்டில் பாஸ்வொர்த்தில் ரிச்சர்ட் செத்தார். லிங்கன் புதிய அரசர் ஏழாம் ஹென்றியை வணங்கி ஏற்றார், ஆலோசனைச் சபையிலும் உட்கார்ந்தார். 1487 தொடக்கத்தில் அயர்லாந்தில் லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனை, அரியணைக்கு உரிமை உள்ள வார்விக் ஏர்ல் என்று சொல்லிச் சிலர் கிளப்பினார்கள். நிஜ வார்விக் லண்டன் கோபுரத்தில் இருந்தார், லிங்கனுக்கு அவரை நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஃபிளாண்டர்ஸுக்கு ஓடி, சித்தி மார்கரெட்டிடம் பண உதவி பெற்று, மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் தலைமையில் சுமார் 2,000 ஜெர்மன் கூலிப்படையோடு டப்ளின் போய் அந்தப் பையனுக்கு முடிசூட்டினார். ஜெயித்திருந்தால் பையனை ஓரமாக உட்காரவைத்துவிட்டுத் தானே ஏறியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜூன் 16 அன்று ஸ்டோக்கில் போர்க்களத்தில் மாண்டார். சிம்னலை ஹென்றி கொல்லவில்லை, அரண்மனைச் சமையலறையில் வேலைக்கு வைத்தார்.

அடுத்த மகன் எட்மண்டுக்கு வந்ததெல்லாம் அவமானங்கள். டியூக் பட்டத்துக்கேற்ற வருமானம் இல்லை என்று 1493இல் ஏர்லாக இறக்கப்பட்டார். அண்ணன் லிங்கனின் கலகத்தால் பறிபோன நிலத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற 5,000 பவுண்டு கட்டச் சொன்னார்கள். 1498இல் கொலைக் குற்றச்சாட்டில் சாதாரண ஆள் போல நீதிமன்றத்தில் நின்று மன்னிப்புப் பெற வேண்டியிருந்தது. 1499இல் ஓடிப்போனார், சமாதானம் பேசி அழைத்து வந்தார்கள். 1501இல் தம்பி ரிச்சர்டோடு மறுபடி ஓடினார். இந்த முறை திரும்பவில்லை. பேரரசர் மாக்ஸிமிலியன் உதவுவதாகச் சொன்னார். ஏழாம் ஹென்றி அவருக்கு 10,000 பவுண்டு கொடுத்து வாயை அடைத்தார். ஆக்கன் நகரில் கடன் ஏறியது. கடைசியில் தம்பியை அடகு வைத்துவிட்டு அண்ணன் நகர்ந்தார். கடன்காரர்கள் தெருவில் வைத்தே என்னைக் கொன்றுவிடுவார்கள் போலிருக்கிறது என்று தம்பி எழுதிப் புலம்பினார். கம்பளிப் பணத்தில் அரசருக்கே கடன் கொடுத்த வில்லியமின் வழியில் வந்தவர்கள் இவர்கள்.

1506 ஜனவரியில் புயல் ஒன்று பர்கண்டி அதிபர் ஃபிலிப்பின் கப்பல்களை இங்கிலாந்துக் கரையில் ஒதுக்கியது. ஹென்றி விருந்து வைத்தார், விருது கொடுத்தார். விருந்தாளி ஊருக்குப் போவதற்கு விலையாக எட்மண்ட் ஒப்படைக்கப்பட்டார். உயிருக்கு ஆபத்து இல்லை என்று ஹென்றி கொடுத்த வாக்கு அவர் இருந்தவரை நின்றது. மகன் எட்டாம் ஹென்றி, 1513இல் பிரான்ஸ் படையெடுப்புக்குக் கிளம்பும் முன், முன்பே அவர் மீது வந்திருந்த துரோகத் தீர்ப்பையே வைத்து, புதிய விசாரணை எதுவும் இல்லாமல், எட்மண்டின் தலையை எடுத்தார். அடுத்த ஆண்டே சஃபோக் டியூக் பட்டம் அரசரின் நண்பர் சார்ல்ஸ் பிராண்டனுக்குப் போனது.

அடகிலிருந்து தப்பிய ரிச்சர்ட் பிரெஞ்சு அரசரிடம் படைத்தலைவரானார். யார்க் வம்சத்தின் சின்னமான 'வெள்ளை ரோஜா' என்ற பெயரால் அவரை அழைத்தார்கள். பன்னிரண்டாம் லூயி அவரை இங்கிலாந்தின் அரசர் என்றே ஒப்புக்கொண்டார். 1514இல் படை தயாராகி நின்ற நேரத்தில் இரு நாட்டுக்கும் சமாதானம் ஆகிவிட, படையெடுப்பு நடக்கவில்லை. பிறகு மெட்ஸ் நகரில் குதிரைப் பந்தயமும் செலவுமாகச் சில வருடங்கள். 1525 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் பாவியா போர்க்களத்தில் பிரெஞ்சு அரசருக்காகச் சண்டை போட்டுச் செத்தார். செய்தி கொண்டுவந்தவனுக்கு இன்னும் மது ஊற்றச் சொல்லி எட்டாம் ஹென்றி மகிழ்ந்தாராம்.

மீதி இருந்தது இன்னொரு சகோதரர் வில்லியம். சகோதரர்கள் ஓடியபோது ஓடாமல் இங்கிலாந்திலேயே இருந்தவர். அதற்குப் பரிசாக லண்டன் கோபுரத்தில் சுமார் 37 ஆண்டு அடைந்து கிடந்தார். அங்கே அதிகக் காலம் இருந்த கைதி என்று இவரைச் சொல்வதுண்டு. 1539இல் இறந்தார். எட்மண்டின் ஒரே மகள் லண்டனில் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டதால் அந்தப் பக்கமும் வாரிசு இல்லை.

அவர்கள் விட்டுப்போனதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு அருகே யூவெல்ம் கிராமத்துக்குப் போகலாம். ஆலிஸும் கணவரும் 1437இல் இரண்டு பாதிரியாருக்கும் 13 ஏழை ஆண்களுக்கும் என்று ஏற்படுத்திய இல்லம் இன்றும் நடக்கிறது, அவர்கள் ஏற்படுத்திய பள்ளிக்கூடமும் நடக்கிறது. பக்கத்துக் கோயிலில் ஆலிஸின் கல்லறை. மேலே முழு அலங்காரத்தில், கையில் கார்ட்டர் என்ற உயர்ந்த அரச விருதின் பட்டியோடு படுத்திருக்கும் அலபாஸ்டர் கல் சிலை. கீழே, கல் சாளரத்துக்குள், எலும்பும் தோலுமாக அழுகும் பிணமாக அதே ஆலிஸ். அந்தப் பிணத்துக்கு மேலே இருக்கும் கல் கூரையின் அடிப்பக்கத்தில் வண்ண ஓவியங்கள் உண்டு. தரையில் மல்லாந்து படுத்தால்தான் நமக்குத் தெரியும்.